மீதி இரண்டு முடிச்சு

ஐயர் நெய்யை ஊற்ற ஊற்ற, புகை நேராக என் முகத்துக்கே வந்துகொண்டிருந்தது. கண்ணைக் கசக்கியபடி தம்பி பிரபுவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அரக்குப் பட்டு, தலை நிறைய மல்லி, கழுத்தில் அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி. சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஆறிலிருந்து ஏழரை முகூர்த்தம். இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தபோது மணி ஆறு எட்டு.

மேரி அக்கா. கடலூர் முதுநகரில் எங்கள் எதிர்வீட்டுக்காரர். சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தவர்.

"கலா, உங்க வீட்டு கேட்டுல ரெண்டு பேரு நிக்கிறாங்கம்மா. ஒரு லேடி, ஒரு ஜென்ட்ஸு. கையில பெரிய பேக்கு. ஆறு மணியிலேருந்து பெல்ல அழுத்திக்கிட்டே இருக்காங்க. பூட்டியிருக்குன்னு சொன்னாலும் போவல."

யாரென்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. 

எட்டாவது போட்டி

சென்ற வாரம் முழங்கால் அறுவைச் சிகிச்சை பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "ஹெப்டத்லான் என்றால் சரியாக என்ன?" என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். பதினோரு வாரமாக எழுதுகிறேன். இப்போது கேட்கிறீர்கள். நல்லது.

இரண்டு நாள், ஏழு போட்டி. முதல் நாள் தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல், இருநூறு மீட்டர். மறுநாள் நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல், கடைசியாக எண்ணூறு மீட்டர். ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. கூட்டினால் யாருக்கு அதிகமோ அவள் ஜெயித்தாள். ஏழில் எதிலுமே நான் நாட்டின் முதல் ஆள் இல்லை. தடை ஓட்டக்காரி என்னை ஓட்டத்தில் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். அவள் கையில் ஈட்டியைக் கொடுத்துப் பாருங்கள், பக்கத்தில் நிற்கிறவர்களை நகர்ந்துகொள்ளச் சொல்ல வேண்டியிருக்கும்.

வெளிநாடுகளுக்குப் போய் விளையாடத் தொடங்கியபின் எட்டாவதாக ஒன்று வந்து சேர்ந்தது. அதற்குப் புள்ளி கிடையாது.

நீங்கள் ஊக்கமருந்து எடுக்கிறீர்களா என்று பார்க்க எந்த நாளும் ஆள் வரலாம். சொல்லிவிட்டு வரமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு நாளும் இரவு எங்கே தங்குகிறேன், எந்த ஒரு மணி நேரம் எந்த இடத்தில் கட்டாயம் இருப்பேன் என்று முன்கூட்டியே போனில் பதிந்து வைக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் வந்து பெல் அடித்து, நான் அங்கே இல்லையென்றால் ஒரு தவறு. பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று தவறு சேர்ந்தால் இரண்டு வருஷம் தடை.

மருந்து தின்றவளுக்கும், வீட்டில் இல்லாதவளுக்கும் செய்தித்தாளில் தலைப்பு ஒன்றுதான். தெருவில் எவரும் வித்தியாசம் கேட்கப்போவதில்லை. முப்பது வயதில் இரண்டு வருஷம் வெளியே உட்கார்ந்தால் திரும்பி வருவது என்ற பேச்சே இல்லை.

என் கணக்கில் ஏற்கனவே இரண்டு இருந்தன. முதல் தடவை வீட்டிலேயேதான் படுத்திருந்தேன். கரண்ட் இல்லை, பெல் அடிக்கவில்லை, தட்டியது காதில் விழவில்லை. மேல்முறையீடு செய்து பார்த்தேன், எடுபடவில்லை. இரண்டாவது தடவை பயிற்சி முகாமுக்குப் போன ரயில் மூன்று மணி நேரம் தாமதம். ரயிலைக் கோபித்துக்கொள்ள முடியுமா? என்னைத்தான் கோபித்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு இந்த ஏற்பாடே ஆகாது. "வயசுப் பொண்ணு எங்க படுக்குறா, எத்தினி மணிக்கு எழுந்திரிக்குறான்னு முன்னபின்ன தெரியாதவனுக்கு எழுதிக் குடுக்குறதா? இது என்னடி வேலை?" என்பார். ஏழு போட்டியையும் பொறுத்துக்கொண்டவர் எட்டாவதை ஒருநாளும் ஏற்கவில்லை.

ஒரு கட்டம்

மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் போய்ப் போனைத் திறந்து பார்த்தேன். இரவு தங்குமிடம்: சிதம்பரம். மண்டபத்தின் கதவு எண்கூடச் சரியாகப் போட்டிருந்தேன். அதற்குக் கீழே இருக்கிற கட்டம்தான் அந்த ஒரு மணி நேரம். காலை ஆறிலிருந்து ஏழு. இடம்: கடலூர் வீடு. அது அப்படியே இருந்தது.

பத்திரிகை வைக்கிற அலைச்சலுக்கு நடுவில் ஒரு கட்டத்தை மாற்றிவிட்டு மற்றதை மறந்திருக்கிறேன். எங்கள் கூட்டத்தில் இந்தத் தப்பைச் செய்தவர்களைப் பார்த்து நானே சிரித்திருக்கிறேன்.

சோதனைக்காரர்கள் ஏழு மணிவரை அசையமாட்டார்கள். கடைசியில் ஒருமுறை போன் செய்வார்கள். போனில் "இதோ சிதம்பரத்தில் இருக்கிறேன்" என்றால் செல்லாது. ஏழுக்குள் அந்த கேட்டின் முன்னால் நான் நிற்க வேண்டும். நாற்பது கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம்.

ஐயர் தாலி கட்டச் சொல்லியிருந்தது ஆறே முக்காலுக்கு.

தாலியில் முதல் முடிச்சுதான் மாப்பிள்ளையுடையது. அடுத்த இரண்டும் நாத்தனாருடையவை. எங்கள் வீட்டில் நாத்தனார் என்று இருப்பது நான் ஒருத்தி. அப்பா போனபிறகு அம்மா எந்த மணமேடைக்கும் ஏறுவதில்லை. பெற்ற பிள்ளையின் கல்யாணத்திலும் பந்திக் கூடத்துக் கதவோரம் கடைசி வரிசையில் நின்றுகொண்டார். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் வரச் சொல்லவும் இல்லை. "நீதான் கிட்ட இருந்து பண்ணணும், உன்ன விட்டா நமக்கு யாரு?" என்று முந்தின நாள் மட்டும் பத்துத் தடவை சொல்லியிருந்தார்.

மேடையில் குனிந்து பிரபுவின் காதில் சொன்னேன். அவனுக்கு விளக்க வேண்டியதில்லை. என் இரண்டு தவறும் அவனுக்குத் தெரியும்.

"இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு?"

"ஐம்பது நிமிஷம்."

"அப்புறம் ஏன்க்கா இங்க நின்னு பேசிக்கிட்டு இருக்க? போ."

"முடிச்சு?"

அவன் பதில் சொல்லுமுன் ஐயர் அவன் கையைப் பிடித்து நெருப்பில் எதையோ விடச் சொன்னார். பக்கத்தில் மணப்பெண் நிவேதா தலையைக் குனிந்தபடியே என்னைப் பார்த்தாள். சிதம்பரம் பக்கத்தில் கிள்ளை என்கிற ஊர்ப் பெண். அதுவரை அவளோடு நான் மொத்தமாக ஒரு மணி நேரம் பேசியிருப்பேனா என்பது சந்தேகம்.

கதவோரத்தில் அம்மா மறித்தார்.

"எங்கடி போற?"

"கடலூருக்கு. வீட்டுக்கு ஆளு வந்திருக்கும்மா."

"இங்க முந்நூறு பேரு வந்திருக்காங்க."

"மூணாவது தடவைம்மா. இன்னிக்கி இல்லன்னா எல்லாம் போச்சு."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாமாவின் வேகம்

வாசலில் மற்ற வண்டிகளெல்லாம் ஒன்றையொன்று அடைத்துக்கொண்டு நின்றன. வெளியே எடுக்கத் தோதாக இருந்தது ஒன்றே ஒன்று. பொண்ணு மாப்பிள்ளைக் கார். மூக்கு முழுக்கச் சாமந்தி, பின் கண்ணாடியில் "பிரபு – நிவேதா". சாவி மாமாவிடம் இருந்தது. அம்மாவின் தம்பி. சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் வேன் ஓட்டுகிறவர். இருபது வருஷமாக இதே சாலை.

"எந்தப் பள்ளம் எங்க இருக்குன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். நீ கவலப்படாத" என்றபடி கிளப்பினார். மணி ஆறு பதினாலு.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் சாலை காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் பாலத்தில் பின்னால் வந்த டவுன் பஸ் எங்களை முந்திக்கொண்டு போனது. எட்டிப் பார்த்தேன். வண்டி ஐம்பதிலேயே போய்க்கொண்டிருந்தது.

"மாமா, ஏன் இவ்ளோ மெதுவா?"

"அம்பதுக்கு மேல போனா கம்பெனியில மெமோ குடுப்பாங்கம்மா."

"மாமா, இது கம்பெனி வண்டியில்ல. கல்யாணக் காரு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆமாம்ல" என்றார். அதற்கப்புறம் அழுத்தினார் பாருங்கள், மூக்கிலிருந்த சாமந்தி பிய்ந்து பிய்ந்து கண்ணாடியில் அடித்தது.

புதுச்சத்திரம் ஆறு முப்பத்தொன்று. ஆலப்பாக்கம் ஆறு முப்பத்தெட்டு. நான் மணியை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆறே முக்காலுக்கு சிப்காட் ஓரத்தில் அந்த ரசாயன வாடை காருக்குள் வந்தது. ஆறே முக்கால். இப்போது மேளம் கெட்டியாக அடித்திருக்கும். எல்லோரும் அட்சதையோடு எழுந்து நின்றிருப்பார்கள். யாரோ ஒரு பெரியம்மா என் இடத்தில் நின்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். மாமா என் பக்கம் திரும்பாமலே, "அழுவாத. மை கலையுது" என்றார்.

ஷிப்ட் முடிந்து கிளம்புகிற வேன்கள், சைக்கிள்கள். மாமா ஒவ்வொரு டிரைவருக்கும் கை காட்டி வழி வாங்கினார். எல்லோரும் காருக்குள் குனிந்து மாப்பிள்ளையைத் தேடினார்கள்.

முதுநகர் கடைத்தெருவில் நின்றுவிட்டோம். துறைமுகத்திலிருந்து வந்த மீன் லாரியும் எதிரே வந்த பஸ்ஸும் முட்டிக்கொண்டு நின்றன. இரண்டு டிரைவர்களும் இறங்கிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆறு ஐம்பத்திரண்டு.

"மாமா, நான் எறங்குறேன்."

எண்ணூறு

ஏழில் நான் வெறுப்பது எண்ணூறு மீட்டரைத்தான். இரண்டு நாளாக ஆறு வேலை செய்து உடம்பில் ஒன்றும் மிச்சமில்லாதபோது அதை ஓடச் சொல்வார்கள். முடித்ததும் எல்லோரும் தரையில் விழுந்து கிடப்போம். அப்புறம் எழுந்து, அதுவரை ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டிருந்தவர்கள் கைகோத்து மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். உலகம் முழுக்க எங்கள் கூட்டத்தின் வழக்கம் அது. அந்தச் சுற்றுக்காகத்தான் நான் எண்ணூறை ஓடி முடித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைத்தெருவிலிருந்து எங்கள் வீட்டு கேட் ஏறக்குறைய அதே தூரம். காலையில் ஓடிப் பழகிய வழிதான். பட்டுப்புடவையில் ஓடிப் பழகவில்லை.

செருப்பையும் போனையும் காரிலேயே விட்டேன். கொசுவத்தை முழங்காலுக்கு மேல் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். சங்கிலி மாரில் அடித்தது. கூடை வைத்திருந்த மீன்காரம்மா ஒருவர் வழிவிட்டு, "எந்தப் பாவிக்குக் கட்டிவைக்கப் பாத்தாங்களோ, நீ ஓடிடு தாயி" என்றார். பதில் சொல்ல மூச்சில்லை.

தெருமுனை திரும்பும்போது மீன் தண்ணீரில் கால் வழுக்கியது. இரண்டு கையையும் ஊன்றி விழுந்தேன். உள்ளங்கை தோல் போனது தெரிந்தது. எழுந்து ஓடினேன்.

கேட்டில் கண்ணாடி போட்ட ஒரு பெண் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். அவர் கூப்பிடுகிற அந்தப் போன் மாமா ஓட்டிவந்த காரில் அடித்துக்கொண்டிருந்தது. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு என் பெயரைச் சொன்னேன். அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு மணியைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

"ஆறு ஐம்பத்தேழு."

கேட்டின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மேரி அக்கா வீட்டுப் பாத்ரூம்

வீட்டுச் சாவி மண்டபத்தில், அம்மாவின் பையில். அடையாள அட்டை போனில், போன் காரில், கார் மீன் லாரிக்குப் பின்னால். கால் மணி கழித்து மாமா வந்து சேர்ந்தார். நான்தான் நான் என்று நிரூபணமானது.

"எங்க வீட்டுல வந்து பண்ணுங்க" என்றார் மேரி அக்கா. "நீ வர வரைக்கும் ஜெபம் பண்ணிக்கிட்டே இருந்தேன் கலா." கல்யாணத்துக்குக் கிளம்பியிருந்தவர், நல்ல புடவையிலேயே பாத்ரூமைக் கழுவினார்.

சிறுநீர்ச் சோதனை எப்படி நடக்கும் என்று விவரிக்கமாட்டேன். அந்தப் பெண் அதிகாரி கூடவே இருந்து பார்ப்பார், அவ்வளவு போதும். ஓடிவந்த தாகத்தில், அவர் எடுத்து வந்திருந்த தண்ணீர்ப் பாட்டில்களை நான் வரிசையாகக் காலி செய்தேன். "ஜாஸ்தி குடிக்காதீங்க" என்று அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். கேட்டேனா? எட்டு மணிக்குக் கொடுத்தது வெறும் தண்ணீராக இருந்ததால் செல்லவில்லை. இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். அதுவரை நான் அவர் கண்ணை விட்டு மறையக்கூடாது.

அப்புறம் வரவேயில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று. கூட வந்த ஆண் வாசலில் பையோடு, வரவேற்பறை நாற்காலியில் நான், எதிர் நாற்காலியில் அந்தப் பெண் அதிகாரி. நான் எழுந்தால் அவரும் எழுந்தார்.

மண்டபத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. ஏழே முக்காலுக்குப் பிரபுவிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்திருந்தது. "ஆச்சு."

யார் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத் தைரியமில்லை. பதக்கத்தைக் கோட்டைவிட்டபோதெல்லாம் அழுதிருக்கிறேன். அந்த நாற்காலியில் அழுதது வேறு. ஒரே தம்பியின் கல்யாணத்தில் ஒரு வேலை எனக்கு இருந்தது. அதைச் செய்யாமல் ஒரு கட்டத்தை மாற்ற மறந்ததற்காக இங்கே உட்கார்ந்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பால் பழம்

பதினொன்றரைக்கு வேன் சத்தம் கேட்டது. பொண்ணு மாப்பிள்ளை பால் பழம் சாப்பிட மாப்பிள்ளை வீட்டுக்கு வர வேண்டும் அல்லவா. ஆரத்தி எடுக்க வேண்டியவளும் நான்தான். அதிகாரியைப் பார்த்தேன். "நான் கூடவே வருவேன்" என்றார். இருவரும் தெருவைக் கடந்து போனோம்.

வேனிலிருந்து முதலில் அம்மா இறங்கினார். என்னைப் பார்க்காமல் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார். நான் ஆரத்தி சுற்றினேன். தோல் போன உள்ளங்கையில் குங்கும நீர் பட்டு எரிந்தது.

நிவேதா வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். ஒரு கை நெஞ்சிலேயே இருந்தது. மாலைக்குள் எதையோ அழுத்திப் பிடித்திருந்தாள். பாயில் உட்கார்ந்ததும் கையை எடுத்தாள்.

"அண்ணி, சீக்கிரம் போட்டு விடுங்க. காலையிலேருந்து புடிச்சிப் புடிச்சி கையே மரத்துப்போச்சு."

எனக்குப் புரியவில்லை. அவள் பின்கழுத்து முடியை ஒதுக்கிக் காட்டினாள். மஞ்சள் கயிற்றில் ஒரே ஒரு முடிச்சு. நுனிகள் இரண்டும் தொங்கின.

"யாரும் போடலையா?" என்றேன் பிரபுவிடம்.

"பெரியம்மா வந்துச்சு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள..." அவன் நிறுத்தி, சமையலறைப் பக்கம் பார்த்தான்.

நிவேதாதான் சொன்னாள். "அத்தை மேடைக்கே வந்துட்டாங்க அண்ணி. எல்லாரும் அப்படியே பாக்குறாங்க. 'ரெண்டு முடிச்சும் அப்புடியே இருக்கட்டும், எம்பொண்ணு வந்து போடுவா'ன்னாங்க. எங்க சித்தப்பா, 'தாலி கட்டுற நேரத்துல அப்படி எங்க போயிடுச்சு அந்தப் பொண்ணு'ன்னு கேட்டாரு. 'அவ வேலைக்குப் போயிருக்கா'ன்னு சொல்லிட்டு மறுபடி கீழ எறங்கிப் போயிட்டாங்க."

சமையலறையில் பால் டம்ளர்களின் சத்தம் நின்றுவிட்டது.

நான் மண்டியிட்டு இரண்டாவது முடிச்சைப் போட்டேன். தோல் போன கையில் கயிறு உரசியது. எப்படியோ போட்டேன். மூன்றாவதற்குக் கயிற்றை எடுத்தவள், போடாமல் பிடித்துக்கொண்டே கூப்பிட்டேன்.

"அம்மா, இங்க வா."

அம்மா வாசற்படிவரை வந்தார். கயிறு என் கையில் இருப்பதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "நீ போடு. எனக்கு ஆவாது."

"கை எரியுதும்மா."

"ஆவாதுன்னு சொல்றேன்ல. நான் போடக்கூடாதுடி."

"காலையிலேருந்து ஒத்த முடிச்சோட உக்காந்திருக்கேன் அத்தை" என்றாள் நிவேதா, திரும்பாமலே. "ஒண்ணும் ஆயிடல. வந்து போடுங்க."

என் பின்னால் சோதனை அதிகாரி கையில் கோப்போடு நின்றிருந்தார். அவர் பாட்டுக்குத் தன் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். அப்போதும் என்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தார். வந்து உட்கார்ந்தார். கயிற்றை வாங்கி, ஒரு தடவை இழுத்துப் பார்த்து, இறுக்கி முடிந்தார். வெளியே யாரும் மேளம் அடிக்கவில்லை. பிரபு தன் மாலையிலிருந்து இரண்டு பூவைப் பிய்த்துப் போட்டான். அம்மா நிவேதாவின் கழுத்திலேயே கையை வைத்தபடி சத்தமில்லாமல் அழுதார். நான் சத்தமாகவே அழுதேன்.

அதற்குப் பிறகு பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. மேரி அக்கா வீட்டுக்கு ஓடினோம், நானும் அந்த அதிகாரியும். இந்தத் தடவை செல்லுபடியானது. கிளம்பும்போது அவர் அம்மா கொடுத்த ஜாங்கிரியை வாங்கிக்கொள்ளவில்லை, விதி அப்படியாம். அம்மாவின் கையை மட்டும் ஒருமுறை பிடித்துவிட்டுப் போனார்.

சில வாரம் கழித்து முடிவு வந்தது, குறையொன்றுமில்லை என்று. அந்த வருஷம் வெளிநாட்டுப் போட்டிக்குப் போனேன். ஆறாவதாக வந்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

நான் எந்த ஊரில் இருந்தாலும், அன்றிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மாவின் போன் வரும். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் கேட்பார்.

"நாளைக்கு எங்க இருப்பேன்னு எழுதிட்டியா?"

"எழுதிட்டேம்மா."

"ரெண்டு கட்டத்துலயும்?"